மகன் ரிசீவராக வேண்டும் என்கிறான், உறவினர் லைஃப் சயன்ஸ் என்கிறார்கள்

ஸ்காபரோவிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் மகன் பள்ளி ஃபுட்போல் அணியில் வைட் ரிசீவர், அதாவது எறியப்படும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவன். இது காற்பந்து அல்ல, பந்தைக் கையால் எறிந்தும் தூக்கி ஓடியும் ஆடும் வட அமெரிக்க ஆட்டம். கனடிய ஃபுட்போல் லீக்கில் ஆட வேண்டும் என்பது அவன் ஆசை. மாமாவும் பெரியம்மாவும் லைஃப் சயன்ஸில் சேர்க்கச் சொல்லி நெருக்குகிறார்களாம்.

அக்கா, உங்கள் பயம் புரிகிறது. ஆனால் உயிரியலில் மனமே இல்லாத பிள்ளையை அதில் தள்ள நான் உடன்பட மாட்டேன். லைஃப் சயன்ஸ் படித்தால் டொக்டர் ஆகிவிட முடியாது. பட்டம் முடித்து மருத்துவக் கல்லூரிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், பலருக்கு இடம் கிடைப்பதில்லை. படிக்கப்போவது அவன், கட்டணம் கட்டப்போவது நீங்கள். உறவினர்களிடம் இதை நேரே சொல்லிவிடுங்கள்.

அமெரிக்க ஸ்கொலர்ஷிப் பற்றி ஏற்கெனவே நிறையக் கேட்டிருப்பீர்கள், அதை விடுகிறேன். உங்கள் கடிதத்தில் இல்லாத வழி யு ஸ்போர்ட்ஸ், அதாவது கனடியப் பல்கலைக்கழகங்களின் போட்டி. ஒரு மாணவர் அதில் 5 பருவங்கள் ஆடலாம். விளையாட்டு உதவித்தொகை கல்விக் கட்டணத்தையும் கட்டாயக் கட்டணங்களையும் தாண்டக் கூடாது என்பது விதி. சாப்பாடும் வாடகையும் உங்கள் பொறுப்பு. அதனால்தான் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தையும் யோர்க்கையும் முதலில் பார்க்கச் சொல்கிறேன். இரண்டுக்கும் அணி உண்டு, வீட்டிலிருந்தே போய்வரலாம்.

அப்புறம் லீக்கின் ட்ராஃப்ட். அதில் 9 அணிகளும் முறைவைத்துப் புதிய கனடிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும். தேர்வானவன் பருவம் மீதமிருந்தால் பல்கலைக்கழகத்துக்கே திரும்பி ஆடலாம். ஒவ்வொரு அணியும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கனடியர்களைத் தொடக்கத்திலேயே களமிறக்க வேண்டும். ரிசீவருக்கு இந்த ஆட்டமே தோதானது: மைதானம் 65 யார் அகலம், அணிக்கு 12 பேர், 10 யார் கடக்க மூன்றே முயற்சிகள். அதனால் பந்தை அதிகம் எறிகிறார்கள். பந்து ஆட்டத்துக்கு வருமுன்பே ரிசீவர் ஆட்டம் தொடங்கும் கோட்டின் பக்கம் ஓடிவரவும் அனுமதி உண்டு. பிராட் சினோபொலியைப் பாருங்கள். ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிபவராக, 2010-இல் நாட்டின் சிறந்த பல்கலைக்கழக வீரர் விருது வாங்கியவர். 2011 ட்ராஃப்டில் கல்கரி எடுத்து, பிறகு ரிசீவராக மாற்றியது. 2018-இல் ஒட்டாவா அணிக்காக 116 பந்துகளைப் பிடித்தார். அதற்குமுன் எந்தக் கனடியரும் ஒரே பருவத்தில் அவ்வளவு பிடித்ததில்லை.

பணத்தைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். 2023-இல் லீக்கின் குறைந்தபட்சச் சம்பளம் 70,000 டொலர். காயம் ஒன்று போதும், எல்லாம் நின்றுவிடலாம். எனவே பட்டத்தில் விட்டுக்கொடுப்பே வேண்டாம். உடலியக்கம் பற்றிய கினிசியோலஜியோ வணிகமோ, அவன் விரும்பும் துறையாக இருக்கட்டும். 'பயிற்சியாளர்களிடம் அறிமுகம் செய்கிறோம்' என்று காசு கேட்பவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். வீட்டின் மேல் கடன் வாங்கவே கூடாது. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தால், 2018-இல் ஒன்ராறியோ நிறைவேற்றிய ரோவன் சட்டப்படி பிள்ளையை உடனே ஆட்டத்திலிருந்து எடுக்க வேண்டும், மருத்துவ அனுமதி இல்லாமல் திரும்ப விடக் கூடாது. பயிற்சியாளர் தயங்கினால் நீங்களே போய் நிறுத்துங்கள்.

இனி அவன் வேலை. தன் ஆட்ட வீடியோவையும் மதிப்பெண்களையும் பல்கலைக்கழகப் பயிற்சியாளர்களுக்கு இந்த வாரமே அவன் கையாலேயே அனுப்பட்டும். அந்த மின்னஞ்சலை நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம்.