பீன்ஸுக்கு மட்கு உரம் மட்டும் போதுமா?

கேள்வி: கொடைக்கானல் கீழ்மலையில் ஒரு ஏக்கரில் செடி பீன்ஸ் பயிரிடுகிறேன். பல ஆண்டுகளாக 17:17:17 காம்ப்ளக்ஸும் (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் கலந்த உரம்) யூரியாவும் மட்டுமே இட்டு வருகிறேன். செடி நன்றாகத் தழைக்கிறது, ஆனால் காய் குறைகிறது. மட்கு உரத்துக்கு முழுவதுமாக மாறினால் மண் தேறுமா, காயில் சத்து கூடுமா?

பதில்: செடி தழைத்துக் காய் குறைவது பெரும்பாலும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்ததன் அடையாளம். பீன்ஸ் பயறுக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், தட்டைப்பயறைப் போல வேர்முடிச்சுகளைக் (காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குச் சேர்த்துத் தரும் நுண்ணுயிர்கள் வாழும் சிறு கட்டிகள்) கொண்டே தன் தழைச்சத்துத் தேவையைப் பெரிதும் நிறைவேற்றிக்கொள்ளும் ஆற்றல் அதற்குக் குறைவு. ஆகவே தொடக்கத்தில் ஓரளவு தழைச்சத்தை நாம் கொடுக்கத்தான் வேண்டும். அளவு மீறினாலோ, உருவாக வேண்டிய முடிச்சும் உருவாகாமல் போகும். பூக்கும் தருணத்தில் நான்கைந்து செடிகளை மண்ணோடு தோண்டி எடுத்து முடிச்சுகளைக் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அவை வேலை செய்கின்றன, வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் இல்லை.

மட்கு உரத்தைக் கணக்குப் போட்டே அணுக வேண்டும். நன்கு மட்கிய தொழு உரத்தில் (மாட்டுச் சாணமும் தொழுவக் கழிவும் மட்கியது) தழைச்சத்து ஏறத்தாழ அரை சதவீதம். ஐந்து டன்னில் 25 கிலோ வரும். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 20.7 கிலோ இருக்கிறது. மூட்டையில் உள்ளது சில நாட்களிலேயே பயிருக்குக் கிடைத்துவிடும். தொழு உரத்தில் உள்ளதோ முதல் பருவத்தில் ஒரு பகுதி மட்டுமே வெளிப்பட்டு, மீதி அடுத்தடுத்த பருவங்களுக்குத் தங்கும். இரண்டரை மாதத்தில் முடிந்துவிடும் பயிருக்கு இந்த நிதானம் போதாமல் போகலாம் என்பதால், ஒரே பருவத்தில் மூட்டை உரத்தை அடியோடு நிறுத்த நான் சொல்ல மாட்டேன். அரைகுறையாக மட்கிய சாணத்தை இட்டால், அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களே மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொண்டு செடியை வெளிறச் செய்துவிடும்.

மட்கு உரத்தின் உண்மையான பயன் மண்ணில்தான் தெரியும். மழை மிகுந்த மலைச்சரிவு மண் பெரும்பாலும் புளிப்புத்தன்மை கொண்டது. யூரியா தொடர்ந்து இடப்படும்போது அந்தப் புளிப்பு இன்னும் ஏறும். அத்தகைய மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் (பாஸ்பரஸ்) பிடித்துவைத்துக்கொள்வதால், நீங்கள் இடும் காம்ப்ளக்ஸில் ஒரு பங்கு செடிக்கு எட்டாமலே போகிறது. மட்குப் பொருள் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது, ஈரத்தைக் காக்கிறது, சரிவில் மண் அரிப்பையும் குறைக்கிறது. எனினும் புளிப்பு கடுமையாக இருந்தால் மட்கு மட்டும் அதைச் சரிசெய்யாது. மண் பரிசோதனை முடிவின்படி விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே சுண்ணாம்போ டோலமைட்டோ (மெக்னீசியமும் கலந்த சுண்ணாம்புக்கல் தூள்) இட வேண்டும்.

மட்கு உரம் இட்டால் காயில் சத்து கூடும் என்று வியாபாரிகள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். புரதமும் இரும்பும் எவ்வளவு என்பதில் இரகத்துக்கும் மண்ணுக்கும் பெரும் பங்கு உண்டு. உரத்தின் பெயரை மட்டும் மாற்றிவிட்டால் அவை தாமாகக் கூடிவிடாது. ஆனால் துத்தநாகத்தில் வேறுபாடு வரலாம்: மணிச்சத்தை அளவுக்கு மீறி இட்டால் பயிர் துத்தநாகத்தை எடுப்பது குறையும், மட்கு உரமோ அத்தகைய நுண்ணூட்டங்களைச் சிறிதளவேனும் தானே கொண்டுவருகிறது.

இந்தப் பருவத்தில் ஏக்கருக்கு 10 டன் நன்கு மட்கிய தொழு உரத்தைக் கடைசி உழவில் இடுங்கள். வேர்முடிச்சை உருவாக்கும் நுண்ணுயிரான ரைசோபியத்தில் பீன்ஸுக்கென்றே உள்ளதை (தட்டைப்பயறுக்கானது இதற்குப் பொருந்தாது) ஆறிய கஞ்சியில் கலந்து விதைநேர்த்தி செய்து, நிழலில் உலர்த்தி விதையுங்கள். காம்ப்ளக்ஸை மண் பரிசோதனை சொல்லும் அளவுக்கு அடியுரமாக மட்டும் வைத்துக்கொண்டு, நான்கு வரிசைகளில் மேலுரமாக (பயிர் வளரும்போது இடும் உரமாக) யூரியா இடாமல் விட்டு, ஒவ்வொரு பறிப்பிலும் அவற்றின் காயைத் தனியாக எடை போட்டுக் குறித்து வையுங்கள்; அடுத்த பருவத்தில் எவ்வளவு குறைப்பது என்பதை அந்தக் குறிப்பை வைத்தே முடிவு செய்யலாம்.