வீடு கட்ட சதுர அடிக்கு ஒருவர் 1,950 ரூபாய் சொல்கிறார், இன்னொருவர் 2,500 சொல்கிறார். ஏன் இவ்வளவு வித்தியாசம்?

கையில் ரெண்டு கொட்டேஷன் இருக்கிறது. 1,950 சொன்னவர் நல்லவர், 2,500 சொன்னவர் கொள்ளைக்காரர் என்று பாதி முடிவு கட்டிவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சரி, அந்தத் தாள்களின் கடைசிப் பக்கத்தைப் படித்தீர்களா? சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், கேட் எல்லாம் தனி என்று பொடி எழுத்தில் இருக்கும். அதற்குள்ளே "அஸ்திவாரம் 5 அடி ஆழம் வரை" என்றும் ஒரு வரி இருக்கும். எனக்குச் சொல்ல விஷயம் இருப்பது அந்த வரியைப் பற்றித்தான்.

நான் இன்ஜினியர் இல்லை, பள்ளிக்கூட டீச்சர். "ஒரு வீடு கட்டிவிட்டு உபதேசமா" என்று யாராவது கமெண்டில் வருவார்கள், வரட்டும். கணவர் துபாயில் இருந்ததால் கோவில்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டைக் கூடவே நின்று கட்டியது நான்தான்.

எங்கள் மனை கரிசல். குறைவாகச் சொன்னவர் மனைக்குள் கால்கூட வைக்கவில்லை, ரோட்டில் பைக்கில் உட்கார்ந்தபடியே ரேட் சொன்னார். அதிகம் சொன்னவர் முதலில் மண் பரிசோதனை செய்யச் சொன்னார். கரிசல் மழையில் தண்ணீர் குடித்து உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கி கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். மேலே இருக்கிற வீட்டையும் அது வருஷம் தவறாமல் தூக்கி இறக்கும். அந்த ஆட்டம் மேல்மண்ணோடு நிற்காது. அதனால் சாதாரண ஃபுட்டிங் அஸ்திவாரம் போதாது என்று, அண்டர் ரீம்டு பைல் போடச் சொன்னார். அது மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண், அடியில் குமிழ் மாதிரி அகலமாக இருக்கும். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மாதிரி மண்ணுக்காகவே உருவாக்கிய முறை அது. ஆழமான கரிசலில் பைல் குறைந்தது 3.5 மீட்டர், அதாவது பதினொன்றரை அடி இறங்கவேண்டும். அந்தக் கடைசிப் பக்கத்து 5 அடி எங்கே, இது எங்கே? மண் உப்பும்போது முட்டாமல் இருக்க, பைல்களை இணைக்கும் பீமுக்கு அடியில் இடைவெளி விடவேண்டும். தரைக்குள் கொட்டி நிரப்புவதற்கும் தோண்டிய கரிசலையே போடக்கூடாது, வெளியிலிருந்து கிராவல் வாங்கவேண்டும்.

சுவர் எழும்புவதற்கு முன்பே மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. கொழுந்தன் வந்து பார்த்துவிட்டு, "மதினி, மண்ணுக்குள்ள போட்ட காசு யார் கண்ணுக்குத் தெரியப்போகுது? எலிவேஷன்ல போட்டிருந்தா ஊரே பார்த்திருக்கும்ல" என்றார். ஊர் பார்ப்பதற்காக நான் கட்டவில்லை என்று சொல்லிவிட்டேன். தென்காசிப் பக்கம் செவல் மண்ணில் கட்டிய என் நாத்தனாருக்கு அதே அளவு வீட்டுக்கு இந்தச் செலவே கிடையாது. அவர் ரேட்டை என் ரேட்டோடு ஒப்பிட்டு என்னை ஏமாளி என்றவர்கள் உண்டு. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது, அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்தேன்.

இன்னொன்று, 1,950 சொன்னவரிடம் அது எந்த வீட்டு ரேட் என்று கேளுங்கள். மாடியோடு கட்டிய வீடாக இருந்தால் ஒரே அஸ்திவாரச் செலவு ரெண்டு தளத்துக்கும் பிரிந்துவிடும், சதுர அடிக் கணக்கு தானாகவே இறங்கும். சின்ன வீட்டுக்கு நேர்மாறு. 600 சதுர அடியிலும் ரெண்டு பாத்ரூம், 1,200-லும் ரெண்டு பாத்ரூம் என்றால் குழாய், டைல்ஸ், ஃபிட்டிங் செலவு பாதியாகக் குறையாதே.

மனையின் வடிவமும் காசுதான். 30-க்கு 30 வீடு 900 சதுர அடி, வெளிச்சுவர் 120 அடி. 15-க்கு 60 வீடும் அதே 900-தான், ஆனால் வெளிச்சுவர் 150 அடி. செங்கல், பூச்சு, பெயின்ட் எல்லாம் அந்த 30 அடிக்கும் கூடுதல். அழகுக்காக வைக்கிற மூலை முடுக்குகளும் இதே கணக்குதான்.

டைல்ஸ், தேக்கு, கிரானைட் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை, கடைக்காரரே போதும் போதும் என்கிற அளவுக்குச் சொல்வார். சிமெண்டுக்கு 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது, அதனால் பழைய கொட்டேஷன் வைத்திருந்தால் திரும்பக் கேளுங்கள். தனி வீட்டுக்கு வெறும் லேபர் காண்ட்ராக்ட் என்றால் ஜிஎஸ்டி கிடையாது என்பதும் நிறையப் பேருக்குத் தெரியாது.

கடை என்றதும் ஞாபகம் வருகிறது. கம்பி வாங்கப் போனால் "சார் வரலையா மேடம்?" என்பார்கள். எடையைச் சரிபார்க்கச் சொன்னால் என் பின்னால் ஆள் யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பார்கள். 12 எம்எம் கம்பி மீட்டருக்கு 888 கிராம் இருக்கவேண்டும் என்று சொன்ன பிறகுதான் தராசுக்கே ஆள் வந்தது. கணவர் லீவில் வந்தபோது அதே கடையில் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். செக்கில் கையெழுத்துப் போட்டது நான்! இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

"எங்க தாத்தா வீடு இதே கரிசல்ல பைல் இல்லாமத்தானே நிக்குது" என்று சொல்பவர்களுக்கும் ஒன்று. அந்த வீடு ஒற்றைத் தளம், மேலே ஓடு, கனமான சுவர். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் வெடிப்பை அடைத்துவிடுவார்கள். அதே மண்ணில் மாடியும் கான்கிரீட் கூரையுமாகக் கட்டிவிட்டு, சுவரில் கோணலாக விழுகிற வெடிப்புக்குப் பட்டி பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்றால் 1,950-க்கே கொடுங்கள். உங்கள் மனை செவலாக இருந்தால் நான் எழுதியதில் பாதியை விட்டுவிடலாம். மண் என்னவென்று கேள்வியில் நீங்கள் சொல்லவில்லை.