செமானிக் குஞ்சுகள்: நீங்கள் கேட்டதும் நான் சொல்வதும்

போன வாரம் என் வீட்டில் பொரித்த ஐந்து செமானிக் குஞ்சுகளின் படத்தைப் பகிர்ந்ததிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. தெரியாதவர்களுக்காக ஒரு வரி: ஆயாம் செமானி என்பது ஜாவாத் தீவின் நடுப்பகுதியில், கெடு வட்டாரத்தில் பல தலைமுறையாக வளர்க்கப்படும் கருங்கோழி. இறகு, தோல், கொண்டை, எலும்பு எல்லாமே கறுப்பு. ரத்தம் மட்டும் சிவப்புதான், முட்டையும் வெளிர் நிறம்தான். கறுப்பு முட்டை என்று யாராவது படம் காட்டினால் நம்பாதீர்கள்.

அண்ணே, நாங்கள் சிங்கப்பூரில், செங்காங்கில் வீவக வீட்டில் (அரசு அடுக்குமாடி வீடு) இருக்கிறோம். பால்கனியில் இரண்டே இரண்டு வளர்க்கலாமா?

முடியாது தம்பி. வீவக வீடுகளில் கோழி வளர்க்க அனுமதி இல்லை, ஒன்றாக இருந்தாலும் சரி, செராமா என்கிற கையளவு குட்டிக் கோழியாக இருந்தாலும் சரி. தரைவீட்டில், அதாவது அடுக்குமாடி அல்லாத வீட்டில், விற்பனைக்கு இல்லாமல் பத்து வரை வளர்க்கலாம், அதுவும் காட்டுப்பறவைகள் உள்ளே வராதபடி வலையடித்த கூண்டில். பறவைக்காய்ச்சலுக்காகப் போட்ட விதி அது. நானும் அந்தப் பத்தை மனதில் வைத்துத்தான் முட்டை வைக்கிறேன். என் பொரிப்புப் பெட்டியில் (இன்குபேட்டர்) 24 முட்டைக்கு இடம் இருக்கிறது, ஏற்கெனவே நான்கு பெரிய கோழிகள் இருப்பதால் ஆறுதான் வைத்தேன்.

மலேசியாவில், ஜோகூரில் ஒருவர் முட்டை தருவதாகச் சொல்கிறார். காரில் கொண்டு வந்துவிடலாமா?

அனுமதிப் பத்திரம் இல்லாமல் கோழியோ அடைமுட்டையோ எல்லை தாண்டக்கூடாது. தயவுசெய்து வேண்டாம். என்னுடையவை இங்கேயே வளர்க்கும் ஒரு நண்பரிடமிருந்து வந்தவை.

அங்கிள், இரண்டு முறை வைத்தும் குஞ்சு 20ஆம் நாள் ஓட்டுக்குள்ளேயே செத்துவிடுகிறது. உடைத்துப் பார்த்தால் உள்ளே ஈரமாக, வீங்கிப்போய் இருக்கிறது. ஈரப்பதம் குறையக்கூடாது என்று தண்ணீர்த் தட்டை நிரப்பியே வைத்திருக்கிறேன். என்ன தப்பு?

அந்தத் தண்ணீர்தான் தப்பு. எனக்கும் முதல் இரண்டு வருடம் இதே கதைதான், காரணம் தெரியாமல் முட்டையையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பொரிப்புப் பெட்டியோடு வரும் கையேடு குளிர்நாட்டுக்காரர்களுக்கு எழுதியது. அங்கே குளிர்காலத்துக் காற்றைச் சூடாக்கினால் வறண்டுபோகும், அதனால் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள். நம் ஊர்க் காற்று அப்படியா? வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 84 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதே காற்று பெட்டிக்குள் போய் 37.5 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் கிட்டத்தட்ட 49 சதவீதத்தில் வந்து நிற்கும். முதல் 18 நாளுக்கு வேண்டியது 45 முதல் 50தான். ஆக ஒரு சொட்டுத் தண்ணீரும் தேவையில்லை. நீங்கள் தட்டை நிரப்பியதால் முட்டையிலிருந்து நீர் வெளியேற வழியில்லாமல், முட்டைக்குள் காற்று நிற்கும் காற்றறை சின்னதாகவே இருந்துவிட்டது, குஞ்சு கடைசியில் மூச்சுவிட இடமில்லாமல் போனது.

ஆனால் பெட்டியைக் குளிர்சாதன அறையில் வைத்திருந்தால் கணக்கே தலைகீழ். 24 டிகிரி, 60 சதவீதக் காற்று பெட்டிக்குள் 28 சதவீதத்துக்கு இறங்கிவிடும், அங்கே தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும். அதனால் யாரும் என்னிடம் "எவ்வளவு தண்ணீர்" என்று கேட்காதீர்கள், "பெட்டி எந்த அறையில்" என்று நான் திருப்பிக் கேட்பேன். தராசு ஒன்று வாங்குங்கள். 50 கிராம் முட்டை 18ஆம் நாள் சுமார் 44 கிராமுக்கு வந்திருக்க வேண்டும். 47இல் நின்றால் ஈரம் அதிகம், 42க்குப் போனால் குறைவு. 18ஆம் நாள் முட்டையைத் திருப்புவதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் ஊற்றி ஈரப்பதத்தை 65 சதவீதத்துக்கு மேல் ஏற்றுங்கள், அப்புறம் மூடியைத் திறக்காதீர்கள். ஓட்டில் முதல் விரிசல் விழுந்த பிறகு முழு ஒரு நாள்கூட ஆகலாம். அதற்குள் கை வைத்து உதவப் போய் ரத்தக்குழாயைக் கிழித்துவிடாதீர்கள், காத்திருங்கள்.

பெட்டை இடும் முட்டையை எத்தனை நாள் சேர்த்து வைக்கலாம்?

குளிர்ந்த இடம் இருந்தால் ஒரு வாரம். 15 முதல் 18 டிகிரி வேண்டும், நம் சமையலறையில் 30. அந்தச் சூட்டில் கரு அரைகுறையாக வளர ஆரம்பித்து நின்று, செத்துப்போகும், கடைசியில் கூமுட்டை. ஒயின் வைக்கும் சிறிய குளிர்பெட்டி இருந்தால் மிக நல்லது. இல்லாவிட்டால் மூன்று நாளுக்குள் வைத்துவிடுங்கள். கூர்முனை கீழே இருக்கட்டும்.

பொரித்த அன்றே சேவலா பெட்டையா என்று கண்டுபிடிக்க முடியுமா? நூலில் ஊசி கட்டி ஆட்டிப் பார்ப்பார்களே? இறக்கையைப் பார்த்துச் சொல்லலாம் என்கிறார்களே?

என் அம்மா கம்போங்கில் (கிராமத்தில்) கூர்மையான முட்டை சேவல், உருண்டையானது பெட்டை என்று சொல்லித்தான் அடை வைப்பார். பொரித்ததில் பாதிக்குப் பாதி சரியாக இருக்கும், எப்படிச் சொன்னாலும் பாதி சரியாகத்தானே இருக்கும். ஊசியும் அப்படித்தான். பெட்டியின் சூட்டைக் கூட்டிக் குறைத்தும் மாற்ற முடியாது, ஏனென்றால் கோழியினத்தில் சேவலா பெட்டையா என்பதை முடிவு செய்வது தாய், அது முட்டை இடுவதற்கு முன்பே முடிந்துபோன காரியம்.

இறக்கை முறை பொய் இல்லை. ஆனால் தாயும் தந்தையும் இறகு முளைக்கும் வேகத்தில் வேறுபடும்படி திட்டமிட்டுச் சேர்த்த பண்ணைக் கலப்புகளுக்குத்தான் அது. செமானி மாதிரி தூய நாட்டினத்தில் அதை நம்பி யாருக்கும் குஞ்சு கொடுக்காதீர்கள். கழிவாயைப் பிதுக்கிப் பார்க்கும் முறையை ஜப்பானியர்கள் 1920களிலும் 30களிலும் வளர்த்தெடுத்தார்கள், அது பல மாதம் பயின்ற கைகளுக்கான வேலை. நாம் செய்தால் குஞ்சின் குடல் வெளியே வந்துவிடும்.

அப்படியென்றால் எப்போதுதான் தெரியும்?

மற்ற கோழிகளில் ஐந்து ஆறு வாரத்தில் சேவல் குஞ்சின் கொண்டை சிவக்க ஆரம்பிக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். செமானியில் கொண்டையும் கறுப்பு, அந்த அடையாளமே போய்விட்டது. அதனால் நிறத்தை விட்டுவிட்டு அளவைப் பாருங்கள். இரண்டு மாதத்தில் சேவலின் கொண்டை தடித்து உயரும், தாடி தொங்கத் தொடங்கும், கால் பருமனாக இருக்கும். இதுவும் ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான். மூன்று மாதம் ஆகும்போது வாலுக்கு முன்னால் முதுகில் முளைக்கும் இறகைப் பாருங்கள், நீளமாக, கூராக, பச்சை மினுமினுப்போடு வந்தால் சேவல், அகலமாக முனை உருண்டு வந்தால் பெட்டை. இதில் நான் இதுவரை ஏமாந்ததில்லை. காலில் வண்ண வளையம் போட்டு இரண்டு வாரத்துக்கு ஒரு படம் எடுத்து வையுங்கள், கால் பருக்கப் பருக்க வளையத்தை மாற்ற மறக்காதீர்கள். அவசரம் என்றால் இறகை ஆய்வகத்துக்கு அனுப்பி மரபணுச் சோதனை செய்யலாம்.

என் செமானிச் சேவலை மஞ்சள் கால் கம்போங் பெட்டையோடு விட்டேன். குஞ்சுகளில் பாதி கறுப்பாகவும் பாதி வெளிறியும் இருக்கின்றன. இனம் கெட்டுவிட்டதா?

கெடவில்லை சார், நூறு வருடத்துக்கு முந்தைய ஓர் ஆராய்ச்சியை உங்கள் வீட்டிலேயே செய்துவிட்டீர்கள்! 1911இல் பேட்சன், பன்னெட் என்ற இரண்டு மரபியல் ஆராய்ச்சியாளர்கள் சில்க்கி என்ற இன்னொரு கருந்தோல் கோழியை வைத்து இதைத்தான் எழுதினார்கள். மஞ்சள் கால் பெட்டையிடம் தோல் கறுப்பதைத் தடுக்கும் ஒரு மரபணு உண்டு. அது இருக்கும் பாலினக் குரோமோசோமைத் தாய் மகன்களுக்கு மட்டுமே கொடுக்கும். அதனால் வெளிறியவை சேவல்கள், கறுத்தவை பெட்டைகள். மாற்றிச் சேர்த்தால், அதாவது செமானிப் பெட்டையும் மஞ்சள் கால் சேவலும் என்றால், எல்லாக் குஞ்சுமே வெளிறிவிடும், இந்தக் கணக்கு வேலை செய்யாது. தாயின் கால் கறுப்பாக இருந்தாலும் செய்யாது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், அந்தக் கறுத்த பெட்டைகளைச் செமானி என்று சொல்லி யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். இங்கே தூய வரிசையே கொஞ்சம்தான்.

நம் ஊர்ச் சூட்டில் குஞ்சுக்கு விளக்கு தேவையா?

முதல் வாரம் 33 டிகிரி வேண்டும், அதனால் தேவைதான். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறையுங்கள், மூன்றாம் வாரத்தில் பகலில் அணைத்துவிடலாம். குவிந்து கத்தினால் குளிர், வாயைத் திறந்துகொண்டு ஓரமாக ஒதுங்கினால் சூடு. தரையில் செய்தித்தாள் வேண்டாம், வழுக்கிக் கால் விரிந்துவிடும். நொய்யும் கேழ்வரகும் ஆசைக்குக் கொஞ்சம் போதும், சாப்பாடு 20 சதவீதப் புரதம் உள்ள குஞ்சுத் தீவனமாக இருக்கட்டும். முட்டைக்கோழித் தீவனம் கொடுக்காதீர்கள், அதிலிருக்கும் சுண்ணாம்புச் சத்து சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நாலு வாரக் குஞ்சு. எச்சத்தில் ரத்தம். இறகைச் சிலிர்த்துக்கொண்டு தூங்கியே கிடக்கிறது.

இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே பறவை பார்க்கும் மருத்துவரிடம் கொண்டு போங்கள். ரத்தக்கழிச்சலாக இருக்க வாய்ப்பு அதிகம், மூன்று முதல் ஆறு வாரத்துக் குஞ்சுகளுக்கு வருவது, தண்ணீரில் கலந்து கொடுக்கும் மருந்து உண்டு. மற்றவற்றைப் பிரித்துவிட்டு ஈரமான மரத்தூளை முழுக்க அள்ளிப் போடுங்கள், ஈரத்தில்தான் அந்தக் கிருமி பெருகும். டிசம்பர் மழையில் நான் ஒரே வாரத்தில் மூன்று குஞ்சுகளைப் பறிகொடுத்தேன், சாரல் அடித்த மூலையைக் கவனிக்காமல் விட்டதால்.

சேவல்கள் அதிகமாகிவிட்டால் என்ன செய்வீர்கள்?

முட்டை வைக்கும் முன்பே நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. பாதி சேவலாகத்தான் வரும், நாலு மாதத்துக்குள் விடியற்காலையில் கூவும், பக்கத்து வீட்டுச் சுவர் நம் சுவர்தான். தெருவில் கொண்டுபோய் விடுவது கொடுமை. 2017இல் சின் மிங் அவென்யூவில் சுற்றிய கோழிகளுக்கு என்ன ஆனது என்று நினைவிருக்கும், சத்தம் என்று புகார் வந்து 24 கோழிகளை அதிகாரிகள் கொன்றார்கள். நான் ஆறு முட்டை வைப்பதற்கு முன் மூன்று சேவல்களுக்கு இடம் பேசி வைத்திருந்தேன். ஒன்று என்னிடம், இரண்டு தரைவீட்டில் இருக்கும் இரண்டு நண்பர்களிடம். அவர்களும் தங்கள் பத்தில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறார்கள். இந்த ஐந்தில் எத்தனை சேவல் என்று ஆகஸ்டுக்குள் தெரிந்துவிடும், படம் போடுகிறேன்.