செய்மதிப் படத்தில் வயல் மஞ்சளாகத் தெரிந்தால் வரட்சிதானா?

கேள்வி: உன்னிச்சைக் குளத்துப் பாய்ச்சலில், வாய்க்காலின் கடைசியில் எனக்கு மூன்று ஏக்கர் வயல். சிறுபோகத்துக்கு விதைத்த மூன்றரை மாத நெல்லுக்கு இப்போது 60 நாள். மகன் கைபேசியில் காட்டிய செய்மதிப் படத்தில் கிழக்கு மூலை மஞ்சளாகத் தெரிகிறது. தண்ணீர்க் குறைச்சலா, வேறு ஏதுமா?

பதில்: ஒற்றைப் படத்தை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். மகன் பார்த்தது பெரும்பாலும் என்.டி.வி.ஐ. என்ற பச்சைச் சுட்டியாக இருக்கும். அது காட்டுவது இலையின் பச்சையை, ஈரத்தை அல்ல. தண்ணீர் குறைந்து நாள் சென்ற பிறகே இறங்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் கொப்பர்நிக்கஸ் இணையத்தளத்தில் சென்டினல்-2 செய்மதியின் படம் இலவசம், 5 நாளுக்கு ஒன்று வரும். முதலில் இயல்பு நிறப் படத்தைத் திறந்து முகிலும் முகில் நிழலும் வயலில் இல்லையென உறுதி செய்யுங்கள். பிறகு 'மொய்ஸ்ச்சர் இன்டெக்ஸ்' என்ற ஈரச் சுட்டி: நீலம் என்றால் ஈரம், சிவப்பு என்றால் காய்ந்தது. இதில் ஒரு கட்டம் 20 மீற்றருக்கு 20 மீற்றர், அதாவது ஏக்கருக்குப் பத்துக் கட்டம்தான். ஓரக் கட்டங்களில் வரம்பும் வாய்க்காலும் கலந்துவிடும். அவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

ஒப்பிடுவது தேதிக்குத் தேதி அல்ல, பயிரின் வயதுக்கு வயது. போகம் தொடங்குமுன் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில் முடிவாகும் தண்ணீர் திறப்பு வருடத்துக்கு வருடம் மாறுமே! போன சிறுபோகத்தின் 60ஆம் நாள் படத்தையும், வாய்க்கால் தலைப்பில் அதே வாரம் விதைத்த வயலையும் பாருங்கள்.

வடிவத்தையும் கவனியுங்கள். தண்ணீர்க் குறைச்சல் மேட்டிலும் கடைசி வக்கடையிலும் (வரம்பில் தண்ணீர் விடும் வாய்) தொடங்கி வரம்போடு நிற்கும். சாறு உறிஞ்சும் அறக்கொட்டிப் பூச்சி வட்டமாகக் கருக்கும், வரம்பைத் தாண்டும். தூரை விரித்து நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பார்த்தால் பூச்சி தெரியும். கச்சான் வீசும் நாளில் நண்பகலில் இலை சுருள்வதை நம்பாதீர்கள்; விடியற்காலையிலும் சுருண்டிருந்தால்தான் பயிர் தவிக்கிறது.

தண்ணீர்தான் பிரச்சினை என்றால் இது கதிர் இலையுறைக்குள் இருக்கும் குடலைப் பருவம், தவறவிட்டால் கதிர் பதராகும். பூத்து ஒரு வாரம் வரை இரண்டு அங்குலம் நிற்க வேண்டும். தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையிடம் உங்கள் முறை எப்போது என்று முன்கூட்டியே கேளுங்கள். மேட்டில் 30 செ.மீ. பி.வி.சி. குழாயின் கீழ்ப்பாதியைத் துளைத்து 15 செ.மீ. புதையுங்கள். அந்த ஒரு வாரம் கழிந்த பிறகு, உள்ளே தண்ணீர் குழாயின் அடிவரை இறங்குமுன் பாய்ச்சினால் போதும்.

யூரியா மிச்சமிருந்தால் காய்ந்த மண்ணில் வீசாதீர்கள்: பயிருக்கு ஏறாது, அறக்கொட்டி இருந்தால் அதைப் பெருக்கும். தண்ணீர் ஏறிய பின் வரும் படத்திலும் மஞ்சள் பரவினால், பிடுங்கிய இரண்டு தூரோடு விவசாயப் போதனாசிரியரிடம் போங்கள்.