ஜவ்வு தேய்ந்துவிட்டது என்றால் எது தேய்ந்தது?

கேள்வி: வயது 47. என் மகனுக்குக் கை எலும்பு முறிந்து 6 வாரத்தில் கூடிவிட்டது. எனக்கு முழங்காலில் ஜவ்வு தேய்மானம் என்றார்கள். 8 மாதமாகியும் வலி போகவில்லை. ஜவ்வு வளர ஊசி போட்டுக்கொள்ளலாமா?

பதில்: காசைக் கொடுப்பதற்கு முன், எந்த ஜவ்வு என்று கேளுங்கள். எலும்போடு எலும்பைப் பிணைக்கும் லிகமென்ட், நடுவில் மெத்தைபோல் இருக்கும் பிறைவடிவ மெனிஸ்கஸ், எலும்பு முனையைப் போர்த்திய குருத்தெலும்பு, மூன்றுக்கும் இந்த ஒரே சொல்தான் புழங்குகிறது. தேய்மானம் என்றால் பெரும்பாலும் குருத்தெலும்பு.

எலும்பு, குருத்தெலும்பு இரண்டும் இணைப்புத் திசுக்களே. ஆனால் எலும்புக்குள் ரத்தம் ஓடுகிறது. முறிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, அங்கேயே புது எலும்பு உருவாகிறது. முழங்கால் குருத்தெலும்போ 2 முதல் 4 மி.மீ. கனம், ரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. மூட்டுத் திரவம்தான் அதற்குச் சாப்பாடு. அதுவும் நடக்கும்போது பஞ்சுபோல் அமுங்கி விரிந்தால்தான் உள்ளே போகும். எனவே, தேய்ந்தது பழையபடி வளராது. திசு 4 வகை என்று பள்ளியில் ஒப்பிக்கவைப்பவர்கள், எது ஆறும், எது ஆறாது என்று ஒரு வரி சொல்லித்தந்தால் என்ன?

வளர்த்துக் காட்டுகிறேன் என்று ஸ்டெம் செல் (பலவகைத் திசுவாக மாறக்கூடிய மூல உயிரணு) ஊசிக்குப் பேக்கேஜ் பேசுகிறவர் பெரும்பாலும் கமிஷன்காரர். தேய்ந்த மூட்டில் இயல்பான குருத்தெலும்பை அந்த ஊசி மீண்டும் வளர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. குருத்தெலும்பில் உள்ள புரதம் என்று விற்கும் கொலாஜன் பொடியும் அப்படித்தான்: குடலில் சிதைந்து ரத்தத்தில் கலப்பதற்கு உங்கள் முழங்காலின் விலாசம் தெரியாது.

விதிவிலக்கு மெனிஸ்கஸ். அதன் வெளி விளிம்புக்கு மட்டும் ரத்தம் வருகிறது. அங்கே புதிதாகக் கிழிந்திருந்தால் தையல் போட்டு ஆறவைக்க முடியும். உள்விளிம்புக் கிழிசல் பொதுவாக ஆறாது. ஆகவே, கிழிசல் என்று ரிப்போர்ட் சொன்னால் வெளி விளிம்பா, உள்விளிம்பா, புதியதா, பழையதா என்று கேளுங்கள். 40 தாண்டியவர்களில் வலியே இல்லாத முழங்காலிலும் ஸ்கேன் எடுத்தால் கிழிசல் தெரிவதுண்டு. அதை விளக்க இரண்டு நிமிடம் ஒதுக்காமல் கவரைக் கையில் திணித்து அனுப்புவதால்தான் ஊசி வியாபாரம் நடக்கிறது.

குருத்தெலும்பில் நரம்பு இல்லை என்றேனே, உங்கள் வலி அடியிலுள்ள எலும்பிலிருந்தும் மூட்டு உறையிலிருந்தும் வருகிறது. அதைக் குறைக்கலாம். மல்லாந்து படுத்து, வலிக்காத காலை மடக்கி, வலிக்கும் காலை நீட்டியபடி ஓர் அடி உயர்த்தி 5 விநாடி நிறுத்துங்கள். 10 முறை, தினம் 3 வேளை. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும்; இரண்டே வாரத்தில் விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. உடம்பு பருமனாக இருந்தால், 1 கிலோ குறைத்தாலும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதான சுமை ஏறக்குறைய 4 கிலோ குறையும். முழு ஓய்வு வேண்டாம். குருத்தெலும்பு பட்டினி கிடக்கும்.

கால் பாதியில் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால் பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் உடனே போங்கள்.