குரோம் திறக்க மூன்று நிமிடமா? ஃபார்மட்டுக்குத் தலையாட்டாதீர்கள்

கேள்வி: நாங்கள் பெங்களூரு அல்சூரில் முப்பது ஆண்டுகளாக வசிக்கிறோம். 2018-இல் வாங்கிய மேசைக் கணினி ஒன்று வீட்டில் இருக்கிறது. 4 ஜி.பி. ரேம், 1 டி.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10 என்று பில்லில் போட்டிருக்கிறது. மின்கட்டணம் கட்டுவது, என் கணவரின் ஓய்வூதியக் கணக்கைப் பார்ப்பது, சேலத்துக்கு ரயில் டிக்கெட் எடுப்பது, மாலையில் சீரியல் பார்ப்பது ஆகியவற்றுக்குத்தான் அதைப் பயன்படுத்துகிறோம். ஆறு மாதமாகக் குரோம் பிரவுசர் திறக்கவே மூன்று நிமிடம் ஆகிறது. ஒரு டேபிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் திரை அப்படியே நின்றுவிடுகிறது. வலது மூலையில் ‘வைரஸ் உள்ளது’ என்று அடிக்கடி செய்தி வருகிறது. பிராட்பேண்ட் கொடுத்தவர் 100 எம்.பி.பி.எஸ். திட்டத்தை 300-ஆக உயர்த்தச் சொல்கிறார். தெருமுனைக் கடைக்காரர் ஃபார்மட் செய்து ஆன்டிவைரசும் ‘பூஸ்டர்’ மென்பொருளும் போட்டுத் தர 3,800 ரூபாய் கேட்கிறார். வெளிநாட்டில் இருக்கும் மகன் புதிதாகவே வாங்கிவிடச் சொல்கிறான். என்ன செய்வது, ஐயா? – ஒரு வாசகி, அல்சூர்

பதில்: மூன்று பேர் மூன்று வழி சொல்லியிருக்கிறார்கள், மூன்றிலும் உங்கள் கைப்பணம் போகிறது, ஆனால் கணினிக்கு என்ன குறை என்று மூவரில் ஒருவரும் பார்த்ததாகத் தெரியவில்லை. முதலில் அதைப் பார்த்துவிடுவோம், அம்மா. அதற்குப் பத்து நிமிடம் போதும், ஒரு பைசாவும் ஆகாது.

பிராட்பேண்ட் விஷயத்தை ஒரே சோதனையில் முடித்துவிடலாம். கணினியில் மெதுவாகத் திறக்கும் அதே பக்கத்தை, வீட்டின் அதே வைஃபையில் இணைந்த கைப்பேசியில், கணினிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து திறந்து பாருங்கள். கைப்பேசியில் சட்டென்று வந்தால் இணைப்பில் குறையில்லை. தெளிவான ஹெச்.டி. காணொளிக்கே 5 எம்.பி.பி.எஸ். அளவு வேகம் போதும் என்னும்போது, இருவர் வாழும் வீட்டில் 100-ஐ 300 ஆக்குவதால் குரோம் திறக்கும் நேரம் ஒரு நொடிகூடக் குறையாது. பிரவுசர் திறப்பது கணினிக்குள்ளே நடக்கும் வேலை. அதற்கு வெளியிலிருந்து வரும் கம்பியோடு பெரிய சம்பந்தமில்லை.

இனி கணினிக்கு வருவோம். குரோமைத் திறந்து, நீங்கள் வழக்கமாகத் திறக்கும் பக்கங்களையெல்லாம் திறந்து, திரை நின்றுபோகும் அந்த நேரத்தில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் என்ற சிறு கட்டம் வரும். அதன் அடியில் ‘மோர் டீடெய்ல்ஸ்’ என்றிருந்தால் அதைச் சொடுக்கி, மேலே ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்ற பகுதிக்குச் செல்லுங்கள். மெமரி, டிஸ்க் என்ற இரண்டின் சதவீதத்தை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுடையதைப் போன்ற கணினிகளை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பழுது பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: மெமரி 90-ஐத் தாண்டியிருக்கும், டிஸ்க் 100-லேயே நிற்கும்.

இதன் பொருளைச் சமையலறையை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். மெமரி என்று திரை காட்டும் ரேம்தான் அடுப்பு மேடை. ஹார்ட் டிஸ்க் என்பது பரண். மேடையில் இடமில்லாமல் போனால், அடுத்த பாத்திரத்தை வைப்பதற்காக ஏற்கெனவே இருப்பதைப் பரணில் ஏற்றுகிறோம். அது மறுபடி வேண்டுமென்றால் ஏணி போட்டு இறக்குகிறோம். விண்டோஸும் அதையேதான் செய்கிறது. 4 ஜி.பி. மேடையில் பாதிக்கு மேல் விண்டோஸே உட்கார்ந்துகொள்கிறது. மிச்சத்தில் குரோம் வருகிறது. அது பாதுகாப்புக்காக ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிப் பாத்திரமாக வைக்கும் வழக்கமுடையது. விளம்பரமும் தானாக ஓடும் காணொளியும் நிறைந்த ஒரே ஒரு செய்தித் தளம் 400 எம்.பி. எடுத்துக்கொள்வதை நான் அடிக்கடி பார்க்கிறேன். நீங்கள் டேப் மாற்றும்போது திரை நிற்கிறதே, அந்த நேரத்தில் ஏணி ஏறி இறங்குகிறது.

இதில் எனக்குள்ள ஆதங்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 4 ஜி.பி. ரேமும் ஹார்ட் டிஸ்க்குக்குள் மெதுவாகச் சுழலும் தட்டும் விண்டோஸ் 10-க்குப் போதாது என்பது அந்தக் காலத்திலேயே தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ‘1 டி.பி.’ என்பதைக் கொட்டை எழுத்தில் போட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்களின் தலையில் கட்டினார்கள். அந்த 1 டி.பி.யில் பத்தில் ஒரு பங்கைக்கூட நிரப்பாத வீடுகளைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

செலவில்லாமல் செய்ய வேண்டியதை முதலில் செய்வோம். குரோமின் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைச் சொடுக்கி, ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’, அதற்குள் ‘மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்று செல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் என்பது குரோமோடு ஒட்டிக்கொண்டு ஓடும் சிறு நிரல். அங்கே இருப்பவற்றில் நீங்களாகத் தெரிந்து போட்டுக்கொண்டவை எவை என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூப்பன் தேடுவது, பி.டி.எஃப். மாற்றுவது, தேடுபொறியை மாற்றுவது என்று யாரோ எப்போதோ ஏற்றியவை எல்லாவற்றையும் ‘ரிமூவ்’ கொடுத்து நீக்கிவிடுங்கள். ரயில் டிக்கெட் எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள், ஆகவே இதைத் தனியாகக் கேட்கிறேன்: தட்கல் படிவத்தைத் தானாக நிரப்பித் தருவதாகச் சொல்லும் எக்ஸ்டென்ஷன் ஏதேனும் இருக்கிறதா? உறவுக்காரப் பையன்கள் நல்லெண்ணத்தில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அது நீங்கள் தட்டச்சு செய்யும் கடவுச்சொல்லையும் பார்க்க வல்லது. முதலில் அதை நீக்குங்கள், பிறகு கடவுச்சொல்லை மாற்றுங்கள். காலை 10 மணிக்கு ஏ.சி. தட்கல் திறக்கும்போது ரயில் டிக்கெட் தளம் திணறுவதற்கு உங்கள் கணினி காரணமல்ல. அதை உங்கள் வீட்டில் செய்யும் எந்தப் பழுதுபார்ப்பும் சரிசெய்யாது.

அடுத்து குரோமின் ‘செட்டிங்ஸ்’ சென்று, ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் ‘மெமரி சேவர்’ என்பதை இயக்குங்கள். பயன்படுத்தாத டேப்களை அது தூங்கவைக்கும். ‘சிஸ்டம்’ பகுதியில், குரோமை மூடிய பிறகும் பின்னணியில் எதையாவது ஓடவிடும் தேர்வு இருக்கும், அதை அணையுங்கள். டாஸ்க் மேனேஜரின் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில், கணினி தொடங்கும்போதே எழுந்துகொள்ளும் தேவையற்ற நிரல்களையும் அணைத்துவிடுங்கள்.

‘ஹிஸ்டரியை அழித்தால் வேகம் வரும்’ என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வராது. பக்கங்களை விரைவாகக் காட்டுவதற்காகப் பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் படங்களை நீங்களே அழித்துவிட்டு, அவற்றை மறுபடி இறக்கவைக்கிறீர்கள். போதாக்குறைக்கு, சேமித்த கடவுச்சொற்களும் தவறுதலாக அழிந்துபோய், அவற்றை மீட்க வங்கிக்கும் ஓய்வூதிய அலுவலகத்துக்கும் அலைந்த பெரியவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது அந்த ‘வைரஸ்’ செய்தி. இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மிகப் பெரும்பாலும் அது வைரஸ் அல்ல. சீரியல் பார்க்கும் ஏதோ ஒரு தளத்தில், ‘நீங்கள் ரோபோ அல்ல என்று உறுதிசெய்ய அலவ் பொத்தானை அழுத்தவும்’ என்று கேட்டிருக்கும், நீங்களும் அழுத்தியிருப்பீர்கள். உங்கள் திரையின் மூலையில் எப்போது வேண்டுமானாலும் செய்தி காட்டும் அனுமதியை அந்தத் தளத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள், அவ்வளவுதான். குரோமின் செட்டிங்ஸில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, ‘சைட் செட்டிங்ஸ்’, ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்று வரிசையாகச் சென்றால், அனுமதி பெற்ற தளங்களின் பெயர்கள் இருக்கும். அறிமுகமில்லாதவற்றை நீக்கினால் செய்தி நின்றுவிடும்.

சென்ற ஆண்டு ஜீவன் பீமா நகரிலிருந்து ஒரு பெரியவர் கணினிப் பெட்டியைத் துண்டில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இதே செய்தி வந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே ஒரு கடையில் 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு ஃபார்மட் செய்திருந்தார்கள், அதாவது டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். பேத்தியின் பெயர்சூட்டு விழாப் படங்கள் போயின. சங்கத்தின் பதினோரு ஆண்டு வரவுசெலவுக் கணக்கு போயிற்று. வீட்டுக்கு வந்து, அதே சீரியல் தளத்தில் அதே பொத்தானை மறுபடி அழுத்தினார். மூன்றாம் நாளே அதே செய்தி திரும்பி வந்துவிட்டது. அந்த அனுமதிப் பட்டியலில் நான் நீக்கியது நான்கு வரிகள். படங்களை மீட்டுத்தர என்னால் முடியவில்லை. பெட்டியைத் திரும்பத் துண்டில் சுற்றும்போது அவர் ஒன்றும் பேசவில்லை.

ஆகவே ஃபார்மட் என்ற சொல்லைக் கேட்டதும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். கடைக்காரருக்கு அது சுலபம்: குறை என்னவென்று தேட வேண்டாம், வேலையை ஆரம்பித்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். கணினியும் இரண்டு வாரம் வேகமாகத்தான் இருக்கும். அதோடு, உங்களிடம் இருக்கும் முறையான விண்டோஸ் உரிமத்தை மதிக்காமல், திருட்டு விண்டோஸை, உரிமம் இருப்பதுபோல் ஏமாற்றும் ‘ஆக்டிவேட்டர்’ போட்டு ஓடவிடுவோர் உண்டு. அந்த ஆக்டிவேட்டர் வேலை செய்வதற்காக, விண்டோஸுடன் இலவசமாகவே வரும் டிஃபெண்டர் என்ற பாதுகாப்பை அணைப்பார்கள். பிறகு பாதுகாப்பில்லை என்று சொல்லி ஆன்டிவைரஸ் விற்பார்கள். உங்கள் தேவைக்கு டிஃபெண்டரே போதும். ‘பூஸ்டர்’, ‘கிளீனர்’ எதுவும் வேண்டாம். நிறைந்த மேடையில் அவையும் ஒரு பாத்திரமாக ஏறி உட்காரும். திரையில் வரும் எண்ணுக்கு அழைக்கச் சொல்லி, கணினியைத் தூரத்திலிருந்து இயக்கும் செயலியைப் போடச் சொல்பவர்களிடம் பேசவே வேண்டாம். ஏற்கெனவே பேசிப் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

மேற்சொன்னவற்றைச் செய்தும் மெமரி 90-ஐ விட்டு இறங்கவில்லையென்றால், செலவு செய்ய வேண்டியது இரண்டே பொருளுக்கு: இன்னொரு 4 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. அளவில் ஒரு எஸ்.எஸ்.டி. சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. போட்டால் பரண் கைக்கெட்டும் அலமாரி ஆகிவிடும். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் எஸ்.எஸ்.டி.யை முதலில் போடுங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரியைச் சொடுக்கினால் ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ என்ற இடத்தில் ‘1 ஆஃப் 2’ என்றிருந்தால், இன்னொரு ரேமுக்கு இடம் இருக்கிறது என்று அர்த்தம்.

ரேம் வாங்கும் முன் ஒரே ஒரு விதிவிலக்கைப் பார்த்துவிட வேண்டும். விண்டோஸின் செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’, ‘அபௌட்’ என்று சென்று, ‘சிஸ்டம் டைப்’ என்ற வரியைப் படியுங்கள். ‘64-பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம்’ என்றிருந்தால் கவலையில்லை. ‘32-பிட்’ என்றிருந்தால், அந்த விண்டோஸால் 4 ஜி.பி.க்கு மேல் ரேமைப் பயன்படுத்த முடியாது. எத்தனை போட்டாலும் வீண். ராமமூர்த்தி நகரில் ஒருவர் இப்படித்தான் 8 ஜி.பி. ஆக்கிவிட்டு, வேகம் வரவில்லை என்று என்னை அழைத்தார். திரையில் ‘8.00 ஜி.பி., 3.43 ஜி.பி. யூசபிள்’ என்று தெளிவாகவே எழுதியிருந்தது. ரேமை விற்ற கடைக்காரரிடம் அவர் அதைக் காட்டிக் கேட்டபோது, ‘எல்லாக் கணினியிலும் அப்படித்தான் வரும், வேண்டுமானால் இன்னொன்று போடலாம்’ என்றாராம். ‘சிஸ்டம் டைப்’ வரியின் பின்பாதியில் ‘எக்ஸ்64 பேஸ்டு பிராசசர்’ என்றிருந்தால், உங்கள் கணினி 64-பிட் விண்டோஸை ஏற்கும். இருக்கும் விண்டோஸ் 10 உரிமமே, அதே வகை விண்டோஸ் 10-க்குச் செல்லும், புதிதாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் 32-இலிருந்து 64-க்கு நேரடியாக மாற வழியில்லை. எல்லாவற்றையும் வேறிடத்தில் நகலெடுத்துவிட்டுப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும். இவ்வளவு நேரம் வேண்டாம் என்று சொன்ன ஃபார்மட், இந்த இடத்தில் மட்டும் நியாயமானது. அதற்கும் நகல் எடுத்தாயிற்று என்பதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகே சம்மதியுங்கள்.

மகன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஓ, கணினியின் மூளையான பிராசசர் இன்டெல் என்றால், பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றை ஏற்பதில்லை. நன்றாக ஓடக்கூடிய கணினிகளை ஒரு தேதியைக் குறித்துக் காயலான் கடைக்கு அனுப்பும் இந்த வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. உங்களுடையது எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ என்றால் ரேமுக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் தாராளமாகச் செலவு செய்யலாம். அதற்கு முந்தையது என்றால் எஸ்.எஸ்.டி. மட்டும் போடுங்கள், நாளை புதுக் கணினி வாங்கினாலும் அதை வெளி டிஸ்க்காகப் பயன்படுத்தலாம்.

பொருளை எஸ்.பி. ரோட்டில் வாங்குங்கள், அல்சூரிலிருந்து தூரமில்லை. பழைய ரேமைக் கையோடு எடுத்துச் சென்று அதே வகையைக் கேளுங்கள், ஏனென்றால் டி.டி.ஆர்.3 இருக்கும் இடத்தில் டி.டி.ஆர்.4 பொருந்தாது. வரிசை எண் எழுதிய ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். பழைய மடிக்கணினிகளிலிருந்து கழற்றிய எஸ்.எஸ்.டி.யைப் புதிது என்று விற்பவர்கள் உண்டு. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ‘பவர் ஆன் ஹவர்ஸ்’ என்ற இடத்தைப் பார்த்தால், புதியது கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும், பழையது ஆயிரக்கணக்கில் காட்டும்.

எஸ்.எஸ்.டி. மாற்றுபவரிடம் ‘குளோன் செய்து கொடுங்கள்’ என்று சொல்லுங்கள். உங்கள் விண்டோஸ், படங்கள், கணக்குகள் அனைத்தும் இருந்தபடியே புதியதற்கு மாறிவிடும். வேலை முடிந்ததும் அங்கேயே கணினியை இயக்கச் சொல்லி, ரேமும் போட்டிருந்தால் மெமரி 8 ஜி.பி. காட்டுகிறதா என்று பாருங்கள். குரோமையும் திறந்து பாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் விட்டுவிடாமல் கேட்டு வாங்கி வாருங்கள். குறைந்தது ஒரு மாதம், எல்லாப் படங்களும் புதியதில் திறக்கின்றன என்பது உறுதியாகும்வரை, அதை அழிக்காமல் பீரோவில் வைத்திருங்கள்.