முள்மரத்தடியில் குடியிருப்பவர்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாடுகளில் 'ஃபேரி' எனப்படும் இயற்கைத் தேவதைகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் ஐந்துக்கு இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகள் அயர்லாந்தின் கால்வே நகரில் படிக்கிறாள். அவளுடைய தோழிகள் சிலர் பௌர்ணமிதோறும் ஒரு தோப்புக்குச் சென்று, வட்டமாக அமர்ந்து, தேவதைகளை அழைத்து மந்திரம் செய்கிறார்களாம். "இது இந்த நாட்டின் பழைய வழிபாடு அம்மா, பயப்படாதீர்கள்" என்கிறாள். உண்மையா? அவளை அனுப்பலாமா?
(ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: மகள் சொல்வதில் பாதி உண்மை. தோப்பும் தேவதைகளும் பழையவை; அழைப்பதுதான் புதியது.

முதலில் 'தேவதை' என்ற சொல்லே நம்மைத் திசைதிருப்பிவிடுகிறது. சிறகு முளைத்த சின்னஞ்சிறு பெண்ணை அயர்லாந்துக் கிராமத்தவர்கள் யாரும் நம்பவில்லை. அவர்கள் நம்பியது ஏறத்தாழ மனிதர் அளவிலேயே இருந்த, ஆடுமாடு வளர்த்த, சண்டை போட்ட, கோபம் வந்தால் குழந்தையைத் தூக்கிச் சென்ற ஒரு கூட்டத்தாரை. அவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவே அஞ்சி 'நல்ல மக்கள்' என்றார்கள். நாம் 'நல்ல பாம்பு' என்கிறோமே, அந்த 'நல்ல'தான் இதுவும். ஐரிஷ் மொழியில் அவர்களுக்கு வழங்கும் 'ஷீ' என்ற பெயர் உண்மையில் அவர்கள் குடியிருக்கும் மண்மேட்டைக் குறிப்பது. அந்நாட்டின் வயல்களில் 40,000-க்கும் மேற்பட்ட வட்டவடிவ மண்கரைகள் இன்றும் இருக்கின்றன. அவை பெரும்பாலும் கி.பி. 500-க்கும் 1000-க்கும் இடைப்பட்ட காலத்தில் குடியானவர்கள் தங்கள் வீட்டைச் சுற்றி எழுப்பிய அரண்கள் என்று தொல்லியலார் கூறுகின்றனர். ஊரார் அவற்றை ஷீ மக்களின் கோட்டைகள் என்றார்கள். அவ்வளவு கரைகள் ஏர் படாமல் தப்பியதற்குச் தொல்பொருள் பாதுகாப்புச் சட்டத்துக்கு முன்பே அந்த அச்சம் ஒரு காரணமாக இருந்திருக்கிறது.

அந்தப் பழைய மரபில் பெரும்பகுதி விலகி நடப்பதைப் பற்றியதுதான். இரவில் வாசலில் அழுக்குத் தண்ணீரை ஊற்றுவதற்கு முன் குரல் கொடுத்து எச்சரிக்க வேண்டும். பசுவின் பாலில் முதல் சில துளிகளை மண்ணில் விட வேண்டும். மே மாதம் முதல் நாளுக்கு முந்தின இரவில் வெண்ணெயையும் நெருப்பையும் யாருக்கும் கடன் கொடுக்கக் கூடாது. தொட்டிலருகே ஓர் இரும்புத் துண்டு இருக்க வேண்டும். கிளேர் மாவட்டத்தில் 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிட்டி ஏர்லி என்ற வைத்தியச்சி, ஒரு நீலப் புட்டிக்குள் பார்த்து நோய்க்கு வழி சொல்வார் என்றும், அந்தப் புட்டி ஷீ மக்கள் வழியே அவருக்குக் கிடைத்தது என்றும் ஊர் நம்பியது. அதுவும் அவருக்கு வாய்த்த வரமாகக் கருதப்பட்டதே தவிர, அவர் அவர்களை வசியம் செய்து கட்டிவைத்திருந்தார் என்று எவரும் சொல்லவில்லை.

தோழிகள் அமரும் வட்டம் வேறு ஊற்றிலிருந்து வருவது. மண்ணுக்குக் குள்ள நோம், நீருக்கு உன்டைன், காற்றுக்கு சில்ஃப், நெருப்புக்கு சாலமாண்டர் என நான்கு பூதங்களுக்கு நான்கு ஆவிகளை வகுத்தவர் 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுவிட்சர்லாந்து மருத்துவர் பாராசெல்சஸ். இங்கிலாந்தில் சூனியத் தடைச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்ட பிறகு ஜெரால்டு கார்டனர் வெளிப்படையாகப் பரப்பிய 'விக்கா' என்ற நவீன சூனிய நெறியில் வட்டமும் நான்கு திசை அழைப்பும் நிலைபெற்றன. அந்தச் சட்டகத்தில் அயர்லாந்தின் ஷீ மக்களைப் பின்னாளில் கொண்டுவந்து அமர்த்தியிருக்கிறார்கள். வயதில் இளையது என்பதற்காக ஒரு நெறியைப் பொய் என்று சொல்ல நான் தயாரில்லை. நம் ஊர்களிலும் நேற்று முளைத்த கோயிலில் மனம் உருகி நிற்பவர்கள் இருக்கிறார்கள். மகள் போய் வரட்டும். பணம் கேட்டாலோ, வீட்டுக்குச் சொல்லாதே என்றாலோ அன்றே எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு முள்மரத்துக்காக அயர்லாந்தில் நெடுஞ்சாலையையே வளைத்தார்கள் என்று படித்தேன். இந்தக் காலத்திலுமா?
(ஒரு வாசகர், திருச்சி)

பதில்: இந்தக் காலத்தில்தான், 1999-இல். கிளேர் மாவட்டத்தில் லாட்டூன் என்ற இடத்தில் வயலோரத்தில் தனியாக ஒரு ஹாத்தார்ன் மரம் நிற்கிறது. மரம் என்று சொன்னால் பெரிதாக எண்ணிக்கொள்வீர்கள். காற்றுக்குச் சாய்ந்து வளர்ந்த, ஆள் உயரத்துக்குச் சற்று மேலான முட்புதர் அது. புதிய சாலைக்கு அதை வெட்டுவதாக இருந்தபோது, ஆசிரியரும் கதைசொல்லியுமான எடி லெனிஹன் நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். கெர்ரி மாவட்டத்து ஷீ மக்கள் வடக்கே கொனாக்ட் பகுதிக் கூட்டத்தாரோடு போருக்குப் போகும்போதும் திரும்பும்போதும் அணிவகுக்கும் இடம் அது என்றார். அதை வெட்டினால் அந்தச் சாலையில் போகிறவர்களுக்கு ஆபத்து என்றும் எச்சரித்தார். செய்தி பல நாடுகளுக்குப் பரவியது. மாவட்டப் பொறியாளர்கள் சிரித்துத் தள்ளவில்லை. மரத்தைக் காக்கும் வகையில் திட்டத்தை மாற்றி, சுற்றிலும் வேலியும் போட்டார்கள்.

கதையில் பலரும் சொல்லாமல் விடும் பகுதி பிறகுதான் வருகிறது. 2002-இல் ஓர் இரவு யாரோ மின்ரம்பத்துடன் வந்து எல்லாக் கிளைகளையும் அறுத்துத் தள்ளிவிட்டு, அடிமரத்தை மட்டும் மொட்டையாக நிறுத்திவிட்டுப் போனார்கள். மரம் மறுபடி துளிர்த்தது. தேவதைகளின் சக்திக்குச் சான்று என்று இதைச் சொல்கிறவர்கள் உண்டு. ஹாத்தார்ன் வெட்டவெட்டத் துளிர்க்கும் சாதி என்பதால்தான் அதைப் பல நூற்றாண்டுகளாக உயிர்வேலிக்கு நட்டு, ஆண்டுதோறும் கழித்துவருகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி: ஸ்காட்லாந்தில் மணற்பாங்கான நிலத்தில் செடிகளின் 'தேவா'க்களோடு பேசி மிகப் பெரிய முட்டைக்கோஸ் விளைவித்தார்களாமே? 'தேவா' என்ற நம் சொல் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது?
(ஒரு வாசகர், சென்னை பெசன்ட் நகர்)

பதில்: உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் விடை இருக்கிறது. 1875-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட பிரம்மஞான சபை 1882-இல் அடையாற்றில் இடம் வாங்கித் தலைமையகம் அமைத்தது. சமஸ்கிருத 'தேவ' என்ற சொல்லை இயற்கையை இயக்கும் கண்ணுக்குத் தெரியாத ஆற்றல்கள் என்ற பொருளில் ஆங்கிலம் பேசுவோரிடையே புழங்கவிட்டவர்கள் அச்சபையினர். ஃபிண்ட்ஹார்ன் என்ற கடற்கரை ஊரில் 1962-இல் பீட்டர் கேடி, ஐலீன் கேடி, டோரதி மக்லீன் ஆகிய மூவர் வேலையிழந்து, கேரவன் வண்டி நிறுத்துமிடம் ஒன்றில் குடியேறினார்கள். பீட்டர் காய்கறி பயிரிட்டார்; மக்லீன் தியானத்தில் அமர்ந்து பட்டாணிச் செடியின் தேவாவிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார். 40 பவுண்டு, அதாவது 18 கிலோ எடையுள்ள முட்டைக்கோஸ் விளைந்ததாக அவர்கள் கூறினார்கள். குதிரைச் சாணமும் கடற்பாசியும் மக்கிய உரமும் அந்த மணலில் வண்டி வண்டியாகச் சேர்க்கப்பட்டன என்பதும் அவர்களே சொன்னதுதான். தேவா என்ன சொல்லியிருந்தாலும், மூவர் ஒவ்வொரு செடியையும் நாள்தோறும் உற்றுப் பார்த்தார்கள். அந்தக் கவனத்துக்கு விளைச்சலில் பங்கில்லை என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார்.

அதே சபைக்கு ஒரு சங்கடமான பக்கமும் உண்டு. 1917-இல் இங்கிலாந்தின் காட்டிங்லி என்ற ஊரில் 16 வயது எல்ஸி ரைட்டும் 9 வயது ஃபிரான்சிஸ் கிரிஃபித்ஸும் ஓடைக்கரையில் தேவதைகளோடு எடுத்த புகைப்படங்களை இங்கிலாந்தில் பிரபலமாக்கியவர்களில் முதன்மையானவர் பிரம்மஞானியான எட்வர்டு கார்டனர். துப்பறியும் கதைகளால் புகழ்பெற்ற ஆர்தர் கோனன் டாயிலும் 1920-இல் அவற்றை உண்மை என்று நம்பி எழுதினார். அட்டையில் வரைந்து வெட்டிய உருவங்களைத் தொப்பி ஊசியால் குத்தி நிறுத்தியதாக அந்தப் பெண்கள் ஒப்புக்கொண்டது 1983-இல், முதிய வயதில்.

சென்னையோடு நிறுத்தாமல் திருவண்ணாமலைவரை போகலாம். அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், பிரிட்டானி பகுதிகளில் நடந்து திரிந்து, கிராமத்து முதியவர்களின் ஷீ அனுபவங்களைக் கேட்டெழுதி 1911-இல் பெரிய நூலாக வெளியிட்ட எவன்ஸ் வென்ட்ஸ், 1935-இல் ரமணாசிரமத்துக்கு வந்து மகரிஷியிடம் கேள்விகள் கேட்டார். அந்த உரையாடல் ஆசிரமப் பதிவுகளில் இருக்கிறது.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் ஃபாக்ஸ்குளோவ் மணிமணியாகப் பூத்திருக்கிறது. அது தேவதைகளின் செடி என்றும், அதன் இலைக் கஷாயம் அவர்களைக் காணும் பார்வையைத் தரும் என்றும் ஒரு காணொளியில் சொன்னார்கள்.
(ஒரு வாசகி, குன்னூர்)

பதில்: குடிக்காதீர்கள். அந்தச் செடியின் எல்லாப் பகுதிகளும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. வில்லியம் விதரிங் என்ற மருத்துவர் 1785-இல் அதன் மருத்துவப் பயனை எழுதியதும், அதன் இனத்திலிருந்து எடுக்கப்படும் டிகாக்சின் இன்றும் இதய நோய்க்குக் கொடுக்கப்படுவதும் உண்மை. ஆனால் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலான அளவு அதில் மயிரிழைதான்.

இந்த நம்பிக்கையின் இருண்ட பக்கத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஷீ மக்கள் ஒருவரைத் தூக்கிச் சென்றுவிட்டு, அதே உருவத்தில் ஒரு போலியை விட்டுச்செல்வார்கள் என்று அக்காலத்தில் நம்பினார்கள். டிப்பரரி மாவட்டத்துப் பாலிவாட்லி கிராமத்தில், தையல் தொழில் செய்துவந்த பிரிஜெட் கிளியரி 1895 மார்ச்சில் காய்ச்சலில் படுத்தார். மருத்துவரும் பாதிரியாரும் வந்து பார்த்தார்கள். ஆனால் கணவன் மைக்கேலுக்குக் கட்டிலில் கிடப்பது தன் மனைவி அல்ல என்று தோன்றிவிட்டது. உறவினர்கள் பிடித்துக்கொள்ள, புதுப்பாலில் காய்ச்சிய மூலிகையை வாயில் ஊற்றி, "நீ பிரிஜெட்தானா?" என்று திரும்பத்திரும்பக் கேட்டான். மார்ச் 15 இரவு விளக்கிலிருந்த மண்ணெண்ணெயை அவள்மேல் ஊற்றி எரித்தான். அதன்பின் பக்கத்து மண்கோட்டைக்குப் போய், உண்மையான மனைவி வெள்ளைக் குதிரையில் வெளியே வருவாள், கட்டை அறுத்து மீட்டுவிடலாம் என்று இரவெல்லாம் காத்துக் கிடந்தான். நீதிமன்றம் அவனுக்கு 20 ஆண்டு கடுங்காவல் விதித்தது. தேவதை மரபை மென்மையான பூங்கதையாக மட்டும் கற்பிப்பவர்கள் இந்தப் பெயரைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: லண்டனில் எப்பிங் காட்டருகே வசிக்கிறேன். எந்தக் குழுவிலும் சேராமல், தனியாக, மரியாதையோடு ஒரு படையல் வைக்க விரும்புகிறேன். எதை வைப்பது, எப்படி வைப்பது?
(ஒரு வாசகி, இங்கிலாந்து)

பதில்: பால், வெண்ணெய், அடைத்துண்டு ஆகியவைதான் பழைய படையல். ஹெப்ரிடிஸ் தீவுகளில் குழிவிழுந்த கல்லில் பாலை ஊற்றினார்கள். நீங்கள் ஒரு கரண்டிப் பாலை வேரடி மண்ணில் ஊற்றினால் போதும். கிண்ணத்தைக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள். இணையக் கடைகள் விற்கும் மினுக்குத்தூள் மக்காத பிளாஸ்டிக். சாக்லேட் நாய்க்கு நஞ்சு. கடைத்தேனைத் திறந்தவெளியில் வைத்தால், அதிலுள்ள நோய்க்கிருமி அக்கம்பக்கத்துத் தேனீக் கூடுகளுக்குப் பரவக்கூடும். மெழுகுவர்த்தி காட்டுத்தீக்கு அழைப்பு. மரத்தில் துணி கட்டும் வழக்கம் ஸ்காட்லாந்தில் ஊற்றுகளின் அருகே உண்டு: துணியை ஊற்றுநீரில் நனைத்து, வலிக்கும் இடத்தைத் துடைத்து, கிளையில் கட்டினால், துணி மக்க மக்க நோயும் தேயும் என்பது அதன் உட்பொருள். நைலான் துணியைக் கட்டினால் நோய் எப்போது தேய்வது? பருத்திநூல் ஒரு இழை, அதுவும் கிளையை இறுக்காமல், தளர்வாக.

அதைவிட நல்ல பயிற்சி ஒன்று இருக்கிறது. ஒரே ஹாத்தார்னைத் தேர்ந்தெடுத்து ஓராண்டு முழுதும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதனடியில் கால்மணி நேரம் உட்காருங்கள். வசந்தத்தில் முதலில் இலைவிட்டு, பிறகு பூப்பது அது. இலை வருமுன்னே வெள்ளைவெளேரென்று பூத்து நிற்பது கருமுள் எனப்படும் வேறு மரம், குழப்பிக்கொள்ள வேண்டாம். மே மாதம் பூக்கும்போது மனம் மயங்கிக் கிளையை ஒடித்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிடாதீர்கள். வீட்டில் சாவு விழும் என்பது அங்குள்ள பாட்டிமார்களின் எச்சரிக்கை. பூவுக்கு அருகே மூக்கைக் கொண்டுபோனால் அவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று தெரியும். அழுகத் தொடங்கும் உடலிலிருந்து எழும் டிரைமெத்திலமீன் என்ற அதே வேதிப்பொருளின் வாடை அந்த வெள்ளைப் பூவிலும் இருக்கிறது.